ஸ்டாண்டர்டு கார்களைப் பார்க்க மலையேறும் புதியவர்களுக்கு

முதல் தடவை நான் போனது காலை பதினொரு மணிக்கு. வீடு குன்னூரில், பழைய ஸ்டாண்டர்டு கார்க்காரர்களின் கூடுகை நடக்கும் பள்ளி மைதானமும் பக்கத்தில். என்ன அவசரம் என்று வெந்நீர் போட்டுக் குளித்து, இட்லி தின்று, ஆற அமரப் போனேன். பதினாலு கார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் துடைத்து மினுக்கி, பானெட்டை மூடி வைத்தவை. ஒரு சுற்று நடந்தேன், படம் எடுத்தேன், பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பிவிட்டேன். வரவேற்பு மேடையில் மாப்பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டு பந்திக்கு ஓடிய கதைதான். அவர் என்ன குணம் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த வருஷம் ஆறே முக்காலுக்குப் போய் நின்றேன். புல்லில் பனி. ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு கார் ஒன்று கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அதன் முன்பாதி முழுக்க, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, முன்னால் கவிழ்ந்து திறந்திருந்தது. முன் டயரின் மேல் திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து ஒரு பெரியவர், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிற்கிற காரைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை, கிளம்புகிற காரைத்தான் பார்க்கவேண்டும் என்று அந்த அரைமணி நேரத்தில் புரிந்தது. இனி நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

போவதற்கு முன்: எதைப் பார்க்கப் போகிறோம்

அம்பாசிடரும் ஃபியட்டும் தெரியாதவர் இல்லை. அதே காலத்தில் மூன்றாவதாக ஒரு கம்பெனி இருந்ததும், அது நம்ம மெட்ராஸ் கம்பெனி என்பதும் இப்போது பலருக்குத் தெரியாது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் தொடங்கியது, தொழிற்சாலை வண்டலூரில். தாய்க் கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1903-இல் ரெஜினால்டு மாட்ஸ்லி தொடங்கியது. அங்கே 1963-இல் கார்களுக்கு அந்தப் பெயர் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். தாய் போன பிறகும் கால் நூற்றாண்டு அந்தப் பெயரைச் சுமந்தது வண்டலூர்தான். 1988-இல் அதுவும் கார் செய்வதை நிறுத்தியது.

ஹெரால்டு என்ற கார் பிறந்த ஊரில் அதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு, இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூடுகையில் யாராவது ‘ட்ரையம்ஃப்’ என்று ஆரம்பித்தால் இரண்டு பெரியவர்கள் திருத்துவார்கள், நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ஓரமாக நின்று கேளுங்கள்.

வண்டிகளை அடையாளம் காண இவ்வளவு போதும். முதுகு வளைந்து வண்டு மாதிரி இருப்பது வான்கார்டு, இங்கே ஆரம்ப காலத்தில் பூட்டிய வண்டி. அதன் இன்ஜின் குடும்பமும் ஃபெர்குசன் டிராக்டரின் இன்ஜின் குடும்பமும் ஒன்று. அது ஓடும் சத்தத்தைக் கேட்டால் உழவு ஞாபகம் வருவது தற்செயல் இல்லை. சின்னதாய், உருண்டையாய் இருப்பவை ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் வகையறா. கூர்மையான நெற்றி, பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி சின்ன வால் இருந்தால் ஹெரால்டு. கிட்டத்தட்ட அதே முகம், ஆனால் பானெட் மற்ற கார்களைப்போல் சாதாரணமாகத் திறந்தால் அது கெஸல், 1972 முதல் வந்தது. நீளமாய், பின்கதவு மேலே தூக்குகிற மாதிரி, மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்பது ஸ்டாண்டர்டு 2000.

அந்தக் கடைசி வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு ரோவர் கம்பெனியின் எஸ்டி1, ஐரோப்பாவில் 1977-இன் சிறந்த கார் என்று பெயர் வாங்கியது. அங்கே அதற்கு எட்டு சிலிண்டர் இன்ஜினும் உண்டு. இங்கே 1985-இல் வந்தபோது உள்ளே வைத்தது வான்கார்டு வம்சத்தின் 1991 சிசி நாலு சிலிண்டர். யானைக்கு ஆட்டுக்கால் வைத்த கதை. மூன்றே வருஷத்தில் கம்பெனியையே படுக்கவைத்தது என்று திட்டுவார்கள். எனக்கு அந்த வண்டியின் மேல் ஒரு பரிவு உண்டு, திட்டுகிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன்.

எப்போது, எப்படி வருவது

எங்கள் கூடுகைக்கு சங்கம் கிடையாது, பேனர் கிடையாது, டிக்கெட் கிடையாது. பழக்கப்பட்டவர்கள் போனில் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வார்கள், பெரும்பாலும் பிப்ரவரியில். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடித்துப் பெய்வது ஐப்பசி, கார்த்திகை மழைதான். அந்த மாதங்களில் மேட்டுப்பாளையம் சாலையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. மே மாதம் வந்தால் சீசன் கூட்டம். பிப்ரவரியில் வானம் தெளிவு, சாலை காலி. கோடை விழாவை ஒட்டி ஊட்டியில் நடக்கும் பழைய கார் அணிவகுப்பு வேறு விஷயம். அங்கே எல்லாக் கம்பெனி வண்டியும் வரும், பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் ஒருத்தரிடமும் நின்று பேச முடியாது.

வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை: 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம், உயர் நீதிமன்ற உத்தரவு. காசு கிடையாது, அரசின் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கும் அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு மலையேறாதீர்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

மலை ரயிலில் வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வாருங்கள், வேறொரு நாள். மேட்டுப்பாளையத்தில் ஏழு மணிக்கு மேல் கிளம்பும் வண்டி குன்னூர் சேரப் பத்து மணி தாண்டிவிடும். அதற்குள் இங்கே பானெட்டெல்லாம் மூடியாயிற்று. முதல் நாள் ராத்திரியே வந்து தங்குவது உத்தமம். இல்லையென்றால் விடியுமுன் மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடியுங்கள். சொந்த வண்டியில் இருட்டோடு ஏறுபவர்கள் கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை நிற்கும் என்பதை மறக்கவேண்டாம். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் காட்டெருமை. ஒரு வருஷம் மைதானத்தின் கேட்டருகே ஒன்று நின்றுகொண்டு எங்களை ஏழரை மணிவரை உள்ளே விடவில்லை. ஹாரன் அடிக்கக் கூடாது. நின்று காத்திருப்பதுதான் வழி.

என்ன உடுத்துவது

சிரிக்காதீர்கள், இதற்கு ஒரு தலைப்பு தேவைதான். ஸ்வெட்டர், குல்லா சரி. பெல்ட் பக்கிள் பெரிதாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மோதிரம், கழுத்தில் தொங்கும் கேமரா, முதுகுப்பையின் ஜிப், எல்லாம் பெயின்டுக்கு எதிரி. ஒரு ஹெரால்டின் வாலில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தபோது என் பெல்ட் கிழித்த கோடு விரல் நீளம் இருக்கும். அந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை எடுத்து மெதுவாகத் தேய்த்தார், கோடு போகவில்லை, மறுபடியும் தேய்த்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பழைய பருத்தித் துணி ஒன்று, சின்ன டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச், வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க. துணி, யாராவது ‘இதைக் கொஞ்சம் பிடிங்க தம்பி’ என்று கிரீஸ் கையோடு ஒரு சாமானை நீட்டும்போது. நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, அவர்களில் ஒருவர்.

ஆறரை முதல் எட்டரை வரை

பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி இந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடக்கும்.

கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் முதல் நாள் மாலையே ஏறிவந்த வண்டிகள் ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றிருக்கும். கீழே ஒரே சாவியில் எடுக்கிற வண்டி இங்கே திணறும். சோக்கை இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகப் போகும். குளிர்ந்த இன்ஜினுக்கு அது வேண்டும். ஆனால் மலையில் ஏற்கெனவே காற்று குறைவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால்வாசி சொச்சம்தான். குன்னூர் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. சமவெளிக் காற்றுக்கு ட்யூன் செய்த கார்புரேட்டர் இங்கே தானாகவே பெட்ரோலை அதிகம் கலக்கும். அதற்கு மேல் சோக்கையும் இழுத்துப் பிடித்தால் ஓவர்ஃப்ளோ ஆகிவிடும், பிளக் நனைந்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அனுபவசாலி எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். சோக்கை முழுக்க இழுத்து ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிப்பார். இன்ஜின் இருமியதும் பாதி உள்ளே தள்ளுவார். காது மட்டும் வேலை செய்யும், கண் எங்கோ தேயிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாக வண்டி வாங்கினவர் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிப்பார், பேட்டரி இறங்கும், கடைசியில் நாலு பேர் தள்ளவேண்டும். தள்ளக் கூப்பிட்டால் போங்கள். அந்த உதவிக்கு உங்களுக்கு ஒரு டீ நிச்சயம், வர்க்கியும் சேர்த்து.

ஓடிவந்த வண்டியின் பிளக்கை யாராவது கழற்றிக் காட்டினால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். கறுத்துக் கரி பிடித்திருந்தால் வண்டி சமவெளியிலிருந்து வந்தது, கார்புரேட்டர் திருகைத் தொடாமல் ஏறியிருக்கிறார். வெளுத்த பழுப்பாக இருந்தால் உள்ளூர் வண்டி, அல்லது விஷயம் தெரிந்தவர்.

ஹெரால்டை எப்படிப் பார்ப்பது

நேரம் குறைவு என்றால் மற்றதெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஹெரால்டின் பக்கத்தில் நில்லுங்கள்.

முதலில் பானெட். இரண்டு பக்கமும் வெளியே ஒரு கொக்கி. இரண்டையும் விடுவித்துப் பின்பக்கம் பிடித்துத் தூக்கினால் காரின் முகமே முன்னால் கவிழும். இன்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். பட்டறையில் குழிக்குள் இறங்கவோ, ஒருக்களித்துப் படுக்கவோ தேவையில்லை. மெக்கானிக்குகள் இந்த வண்டியைக் கொண்டாடியதற்கு இதுவே காரணம். கெஸலில் இதை எடுத்துவிட்டார்கள் என்று இன்றும் அங்கலாய்ப்பார்கள்.

அடுத்து, உடம்பு முழுக்க ஓடும் இணைப்புக் கோடுகளைத் தேடுங்கள். கதவுக்குக் கீழே, பின் மட்கார்டுக்கு முன்னே. ஹெரால்டின் உடம்பு ஒரே துண்டு இல்லை. தனிச் சட்டகத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டியது. ஏன் அப்படி? இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு உடம்பு செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். உடம்பு செய்ய ஆளில்லாமல், சின்னச் சின்னப் பட்டறைகளில் துண்டுகளாகச் செய்து பூட்டிக்கொள்ளும்படி 1959-இல் வடிவமைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. உடம்பு கொடுக்க ஆளில்லாத சங்கடத்தில் பிறந்த அந்த ஏற்பாடு, பெட்டி பெட்டியாகப் பாகங்களைக் கப்பலில் இறக்கிப் பூட்டும் மெட்ராஸுக்கு மிகப் பொருத்தமாகப் போயிற்று. இன்றைக்கும் அதுதான் இந்த வண்டியைக் காப்பாற்றுகிறது. ஒரு துண்டு துருப்பிடித்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி டிங்கரிங்குக்குக் கொடுக்கலாம்.

கதவை எண்ணுங்கள். இரண்டு என்றால் பழைய வண்டி. நாலு என்றால் 1968-க்குப் பிந்திய மார்க் 3. நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையவே கிடையாது, அது முழுக்க வண்டலூர்ச் சரக்கு. ‘வெள்ளைக்காரன் வண்டி’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பிறகு, யாராவது மைதானத்தில் வண்டியைத் திருப்பும்போது முன் சக்கரத்தைப் பாருங்கள். தொழுவத்து மாடு கழுத்தைத் திருப்புகிற மாதிரி அப்படியே மடங்கும். சுமார் 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துவிடும். எங்கள் ஊர்க் கொண்டை ஊசி வளைவுகளில் அம்பாசிடர் தவிக்கும் இடத்தில் ஹெரால்டு ஒரே இழுப்பில் திரும்பும். 948 சிசி இன்ஜின், முப்பத்தைந்து குதிரைத்திறன் சொச்சம். மேட்டில் வேகம் கிடையாது, பின்னால் வரும் பஸ்காரர் பல்லைக் கடிப்பார். ஆனால் வளைவுக்கு வந்துவிட்டால் இவர் ராஜா.

எப்படிப் பேசுவது

‘என்ன மைலேஜ் கொடுக்கும்?’, ‘என்ன விலைக்குக் கொடுப்பீங்க?’ இந்த இரண்டு கேள்வியும் வேண்டாம். முதலாவதற்குச் சிரிப்பார்கள், இரண்டாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெண் பார்க்க வராத வீட்டில் ‘சீர் என்ன செய்வீங்க’ என்று கேட்பதுபோல.

இப்படி ஆரம்பியுங்கள்:

“அண்ணா, இது மார்க் டூங்களா?”

“ஆமாங்க தம்பி. அறுபத்தாறு. அப்பா வாங்குனது.”

“வாட்டர் பம்பு எங்கண்ணா கிடைச்சுது?”

அவ்வளவுதான். இனி நீங்கள் பேசத் தேவையில்லை. ஸ்பேர் கிடைத்த கதையை ஆரம்பித்தால் அரைமணி நேரம். சென்னை புதுப்பேட்டையில் நாலு நாள் அலைந்தது, கோயம்புத்தூர் உக்கடத்துக் காயலான் கடையில் குவியலுக்கு அடியில் கிடந்த ஒரு கியர்பாக்ஸ், ஒரு எஸ்டேட் ஷெட்டில் இருபது வருஷம் கோழி அடைந்த கெஸலை அப்படியே விலைபேசி வாங்கியது. செய்தவன் கடையை மூடிவிட்டான், ஏஜென்சி கிடையாது, வாரண்டி கிடையாது. ஆகவே ஒவ்வொரு வண்டியும் அதன் சொந்தக்காரரும், ஒரு மெக்கானிக்கும், கோயம்புத்தூரில் ஒரு லேத்துக்காரரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பிடித்து நிறுத்தியிருப்பது. கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து கொடுத்தவர், வேறு வண்டியின் ஆயில் சீலை அளவு பார்த்துப் பொருத்தியவர் எல்லாம் இந்தக் கதைகளில் வருவார்கள். வண்டி பளபளக்கிறதா என்பதைவிட எது அசல், எது கடைந்தது, எது வேறு வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மறைக்க மாட்டார்கள். பெருமையாகச் சொல்வார்கள்.

கொஞ்சம் நெருங்கிய பிறகு இரண்டு தொழில் கேள்விகள். ஒன்று, முன் சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டுக்கு என்ன போடுகிறீர்கள்? ட்ரன்னியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் போடக்கூடாது, கியர் ஆயில்தான் விடவேண்டும். கிரீஸை அடைத்து, அது காய்ந்து, மூட்டு தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கிய கதைகள் ஹெரால்டு வைத்திருக்கும் எல்லா நாட்டிலும் உண்டு. ‘ஆயில்தான் தம்பி’ என்று பட்டென்று பதில் வந்தால் அந்த வண்டியில் நம்பி ஏறலாம். இரண்டாவது, இப்போது வருகிற இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு என்ன செய்கிறீர்கள்? பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து நைந்துபோகச் செய்யும், தொட்டியில் ஈரத்தையும் இழுத்துச் சேர்க்கும். ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்பவர் ஒரு ரகம், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்பவர் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தின் வண்டிக்கு அடியில் உங்கள் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

பெரியவர்களை ‘சார்’ என்றோ ‘ஐயா’ என்றோ கூப்பிடலாம். மெக்கானிக்கை மட்டும் ‘அண்ணா’ என்றுதான். சொந்தக்காரர்கள் சொல்ல மறந்ததை அவர்கள்தான் சொல்வார்கள். பொதுவாகக் கூட்டத்தில் நிற்க மாட்டார்கள், டீ கேன் பக்கம் தேடுங்கள்.

நம்பர் பிளேட்டும் காகிதமும்

டிஎன் என்று ஆரம்பிக்காத மூன்றெழுத்துப் பிளேட்டைக் கண்டால் அதன் அருகில் நின்று கொஞ்சம் மரியாதை செய்யுங்கள். எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டிஎம்எக்ஸ் 4777 நினைவிருக்கிறதல்லவா, அந்தக் காலத்து வரிசை. பழைய எண்ணை விடாமல் ஆர்.சி. புக்கைப் புதுப்பித்துக் காப்பாற்றி வைத்திருப்பது, இன்ஜினைக் காப்பாற்றுவதைவிடக் கஷ்டமான வேலை. 2021-இல் மத்திய அரசு புது விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். எண்ணில் ‘விஏ’ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான். தினமும் மார்க்கெட்டுக்கு ஹெரால்டில் போகும் ஆசாமிகள் அதனாலேயே இதில் சேரவில்லை. அவர்களோடு இதைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், மதியச் சாப்பாடு போய்விடும்.

படம் எடுக்கலாம். எண்ணைக் கையால் மறைத்து எடுத்தால் நல்லது, இல்லையென்றால் கேட்டுவிட்டு. குழந்தையைத் தூக்கிப் பானெட்டின்மேல் உட்கார வைக்க வேண்டாம். நான் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கிறீர்கள். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் வைக்கிறார்.

பத்து முதல் ஒன்று வரை

இந்த நேரத்தில் ஒன்றும் நடக்காது. கூட்டம் வரும், வெயில் வரும், ஒலிபெருக்கியில் யாரோ பேசுவார்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு நடை போய் வாருங்கள்.

இறங்கும்போது

பகல் இரண்டு மணி வாக்கில் கிளம்பத் தொடங்குவார்கள். இதையும் விட்டுவிடக்கூடாது. யாராவது ‘கீழே வரைக்கும் வர்றீங்களா தம்பி, சீட்டு காலி’ என்று கேட்டால் யோசிக்காமல் ஏறிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொள்ளலாம்.

முதலில் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுப்பார்கள். சரிவில் நிற்கும் பழைய வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி யாரும் கல் வைக்காமல் விடமாட்டார்கள். எடுத்த கல்லைச் சாலையில் போடாமல் ஓரத்தில் வைப்பவர் நல்ல ஓட்டுநர். பின்னால் பைக்கில் வருபவரை நினைக்கிறவர். இதைக் கவனியுங்கள்.

வண்டிக்குள் ஏறியதும் காதைத் தீட்டி வையுங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கினால் சரி. எங்கள் கூடுகைக்கு வரும் ஹெரால்டுகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். மேட்டுப்பாளையம் வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பாதி வழியில் டிரம் காய்ந்து, மிதித்தால் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், நிறுத்தி ஆறவிடட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது, சூட்டில் டிரம் விரிசல் விடும்.

வளைவுகளில் இன்னொன்று. ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் நடுவிலிருந்து தனித்தனியே ஊசலாடும் அமைப்பு, குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் புகுந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிப்பக்கத்துச் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பாகம் எகிறி வழுக்கும். தெரிந்தவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக இழுத்துக்கொண்டே வெளியே வருவார்கள். கெஸலில் ஒரே தண்டான பின் அச்சு, அதற்கு இந்த வியாதி இல்லை. கெஸல்காரர்கள் இதைச் சொல்லிக்காட்ட ஒரு சந்தர்ப்பத்தையும் விடமாட்டார்கள்.

ஏறும்போது நடப்பது வேறு. ரேடியேட்டர் கொதிக்கும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஊட்டி உயரத்தில் 93 டிகிரியே அதிகம். எங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதும் இதே காரணம்தான். மூடியில் அழுத்தம் தாங்கும் ரப்பர் நைந்த வண்டி, குன்னூர் வருமுன்னே ஆவி விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கப் போகிறவரைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது.

போன பிப்ரவரியில் நான் இறங்கியது ஒரு சாம்பல் நிற மார்க் 3-இல். ஓட்டினவர் எழுபது தாண்டியவர், பின் சீட்டில் அவர் பேத்தி. பர்லியாறு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே பழக்கடை ஓரமாக நிறுத்தி, இறங்கி, நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இடது முன் சக்கரத்தில் கை சற்று நேரம் நின்றது. “பத்து நிமிஷம் ஆறட்டும்” என்றார். பேத்தி இறங்கி, சாலையோரத்தில் தேடி ஒரு கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு வைத்தாள். யாரும் சொல்லவில்லை.